ஆங்கிலம் பேசிப் பழக நடப்புச் செய்திகள் தேவையா?

செம்பருத்தி:
ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக் குழுக்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒருங்கிணைப்பாளர் அன்றைய செய்தி ஒன்றின் இணைப்பை அனுப்புவார். ஆளுக்கொரு பத்தியாக வாசிப்போம். முடிந்ததும் "வாட் டூ யூ திங்க்?" என்பார். முதல் ஆள் "இட் ஈஸ் வெரி சேட்" என்பார். அடுத்தவர் "யெஸ், ஐ அக்ரீ, வெரி சேட்". மூன்றாமவர் "கவர்ன்மென்ட் ஷுட் டேக் ஆக்‌ஷன்". அத்தோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு நாட்டு நடப்பு நன்றாகத் தெரிந்த ஒருவர் நீளமாகப் பேசுவார், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்போம்.

ஆகவே நேராகவே கேட்கிறேன்: பேசிப் பழக வருகிறவர்களுக்குச் செய்தியை எதற்குக் கொடுக்கிறோம்? அது கடினமான பொருள். பால் நேஷன் என்ற மொழியியலாளர் 2006-இல் போட்ட கணக்குப்படி, ஒரு செய்தித்தாளை அகராதி இல்லாமல் புரிந்துகொள்ள ஏறத்தாழ 8000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் அந்த நிலையில் இருக்கிறார்கள்? புரியாத ஒன்றை வைத்துக்கொண்டு கருத்துச் சொல் என்றால் "வெரி சேட்" தவிர வேறென்ன வரும்?

வடகரை:
நீங்கள் சொன்ன காட்சி அப்படியே உண்மை. ஆனால் பழியைத் தவறான இடத்தில் போடுகிறீர்கள். கோளாறு செய்தியில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. "வாட் டூ யூ திங்க்" என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். நடந்ததைச் சொல்லத் தெரியாதவரிடம் கருத்துக் கேட்டால் எந்தப் பொருளை எடுத்தாலும் ஒற்றை வரிதான் வரும்.

அந்த 8000 கணக்கு, செய்தித்தாளில் வரும் எல்லாவற்றையும் படிப்பவருக்கு. நாம் எடுப்பது ஒரே ஒரு செய்தி. அதிலும் அதே செய்தியை நாலு நாள் தொடர்ந்தால் அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். மொழி கற்றலை ஆராய்ந்த ஸ்டீபன் கிராஷன் பல ஆண்டுகளாக வலியுறுத்துவது இதைத்தான்: பரவலாக மேயாமல் ஒரே பொருளில் நிலைத்து நின்று படி, கேள்.

இன்னொன்று. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில், பி1 நிலைக்காரர் முன்தயாரிப்பு இல்லாமல் பேசக்கூடியவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குடும்பம், பொழுதுபோக்கு, வேலை, பயணம், நடப்பு நிகழ்வுகள். பி1 என்பது நடுத்தர நிலையின் முதல் படி. அந்த நிலையிலேயே நடப்பு நிகழ்வுகளும் வந்துவிடுகின்றன.

செம்பருத்தி:
அந்தப் பட்டியலின் வரிசையையும் பாருங்கள். குடும்பம் முதலில் வருகிறது, நடப்பு நிகழ்வுகள் கடைசியில். வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியிலும் அப்படித்தான். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் உங்கள் வீடு, படிப்பு, வேலை பற்றிக் கேட்பார்கள். இரண்டாவதில் ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். பொது விஷயங்களை விவாதிக்கும் மூன்றாம் பகுதி நாலைந்து நிமிடம்தான். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகிற வழி அது. நாம் கடைசிப் படியை முதலில் வைக்கிறோம்.

கானல்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செம்பருத்தி அக்கா சொன்னதில் ஒன்றை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

சொந்த விஷயம் எல்லாருக்கும் சுலபம் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படி இல்லை. "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்று தொடங்கினாலே எனக்கு வியர்க்கும். வேலை இல்லாமல் இருந்த காலத்தில் "வாட் டூ யூ டூ?" என்ற கேள்விக்குப் பயந்தே ஒரு குழுவிலிருந்து விலகினேன். குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் சொல்ல விரும்பாதது இருக்கும், வீட்டில் ஒரு சாவு இருக்கும், ஒரு பிரிவு இருக்கும். புதிய மொழியில் தடுமாறுகிறவனால் கேள்வியை நாசூக்காகத் தட்டிக்கழிக்கவும் முடியாது. தாய்மொழியில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு. ஆங்கிலத்தில் ஆமாம், இல்லை என்ற இரண்டுதான்.

செய்தி என்றால் அது என்னைப் பற்றியது இல்லை. தப்பாகச் சொன்னாலும் நான் குறைந்துபோவதில்லை. அது மட்டுமில்லை, சொந்த விஷயத்தை எத்தனை முறை சொல்வது? பெயர், ஊர், வேலை, பிடித்த படம். ஒப்பித்து ஒப்பித்து அது மனப்பாடமாகிவிட்டது. அதைச் சரளம் என்று சொல்ல மாட்டேன். நேற்று நடந்த ஒன்றைச் சொல்லப் போகும்போதுதான் வாக்கியத்தை நானே கட்ட வேண்டியிருக்கிறது.

வடகரை:
கானல் சொன்னதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை. இருந்தாலும் "எப்படி" என்பதைக் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் செம்பருத்தியின் குறை அங்கேதான் தொடங்குகிறது.

எல்லோருக்கும் நினைவிருக்கும் பழைய செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் என்ற சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டது. 400 மீட்டர் நீளம். கரையில் மண்ணைத் தோண்டினார்கள், இழுவைப் படகுகள் இழுத்தன, கடல் ஏற்றமும் கைகொடுத்தது. 29-ஆம் தேதி கப்பல் மீண்டது. அதற்குள் நூற்றுக்கணக்கான கப்பல்கள் காத்துக் கிடந்தன.

இதைச் சொல்ல எத்தனை சொல் வேண்டும்? ஷிப், கனால், ஸ்டக், டிக், புல், வெயிட். "எ பிக் ஷிப் காட் ஸ்டக் இன் எ கனால். அதர் ஷிப்ஸ் ஹேட் டு வெயிட். பீப்பிள் டக் த ஸேண்ட். ஆஃப்டர் ஸிக்ஸ் டேஸ் த ஷிப் மூவ்டு." முடிந்தது. சின்ன வாக்கியங்கள், எல்லாம் இறந்தகாலம், ஒவ்வொன்றும் மனக்கண்ணில் தெரிகிறது.

இனி இதையே மூன்று பேரிடம் சொல்ல வேண்டும். முதல் ஆளிடம் நாலு நிமிடம், இரண்டாம் ஆளிடம் மூன்று நிமிடம், மூன்றாம் ஆளிடம் இரண்டு நிமிடம். செம்பருத்தி மேற்கோள் காட்டிய அதே நேஷன் பல ஆண்டுகளாகப் பரிந்துரைக்கும் பயிற்சி இது. கேட்பவர் மாறிக்கொண்டே இருப்பதால் சொல்பவருக்கு அலுக்காது. நேரம் குறைவதால் "ம்ம்... ஆ..." எல்லாம் தானாக உதிரும். மூன்றாம் ஆளிடம் சொல்லும்போது தேடல் போய்ப் பேச்சு வரும். அதன் பிறகு "நீ அந்தக் கப்பலின் கேப்டனாக இருந்திருந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். "வெரி சேட்" வராது.

செம்பருத்தி:
விளக்கியதற்கு நன்றி. பயிற்சி நல்ல பயிற்சிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் பொறுக்கியெடுத்த செய்தியைக் கவனியுங்கள். ஒரு கப்பல், ஒரு கால்வாய், ஆறு நாள், தொடக்கமும் முடிவும் உள்ள கதை. அன்றாடச் செய்தி அப்படியா வருகிறது? வட்டி விகிதம், தேர்தல் கூட்டணி, நீதிமன்ற இடைக்கால உத்தரவு, போர். இவற்றில் "நடந்தது" என்று சொல்ல ஒன்றும் இருக்காது. யாரோ எதையோ சொன்னார், இன்னொருவர் மறுத்தார், அவ்வளவுதான்.

செய்தியின் நடையும் பேச்சுக்கு ஆகாது. தலைப்பில் "பிரசிடென்ட் டு விசிட்" என்று வரும். வினையே பாதி காணாமல் போயிருக்கும். நேற்று நடந்தது நிகழ்காலத்தில் இருக்கும். யாராவது கண்டித்தால் "ஸ்லாம்ஸ்", விசாரணை என்றால் "ப்ரோப்". இதைப் படித்தே பழகியவர் நண்பரிடமும் செய்தி வாசிப்பாளர் போலப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பேச்சு என்பது கேட்பது, இடைமறிப்பது, புரியாவிட்டால் "ஸாரி, வாட் டூ யூ மீன்?" என்பது, எதிராளியைப் பேச வைப்பது. மைக்கல் லாங் என்ற மொழியியலாளர் இதைத்தான் மொழி கற்றலின் மையத்தில் வைத்தார்: புரியாமல் தடுக்கி, கேட்டு, திருத்தி, மறுபடி சொல்லும் அந்த இழுபறியில்தான் மொழி ஏறுகிறது என்றார். ஆளுக்கு நாலு நிமிடம் சொற்பொழிவாற்றினால் அந்த இழுபறி எங்கே வரும்?

அந்திவெயில்:
நான் ஆங்கிலம் கற்பிக்கிறவள். இருவர் சொல்வதையும் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

முதலில் நடை பற்றி. தலைப்பை யாரும் பேசக் கற்றுக்கொள்ள வேண்டாம், அதைத் தாண்டிச் செய்தியின் முதல் இரண்டு வரிக்கு வாருங்கள். பெரும்பாலும் முதல் வரியில் "ஹேஸ் அனௌன்ஸ்டு" என்று வரும், அடுத்த வரியிலேயே "ஹி ஸெட்" என்று சாதாரண இறந்தகாலத்துக்கு மாறிவிடும். புதிய தகவலை முதல் முறை சொல்ல ஒன்று, விவரத்துக்கு இன்னொன்று. மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் குழம்பும் இடம் இது. ஒரே வாரம் செய்தி சொன்னால் காதுக்குப் பழகிவிடுகிறது, விதியாகச் சொல்லிக்கொடுத்தபோது பழகாதது.

"யாரோ எதையோ சொன்னார்" என்பதும் பயனில்லாதது அல்ல. நான் பார்த்ததற்கும் கேள்விப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டைப் பேச்சில் காட்டத் தெரிய வேண்டும். "அக்கார்டிங் டு", "தே ஸே", "ஐ ரெட் தட்". இவை இல்லாமல் ஒருவர் ஒரு வதந்தியை நடந்த உண்மையாக அடித்துச் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. தயங்கிச் சொல்வதற்கான மொழி அவர் கையில் இல்லை.

செம்பருத்தி சொன்ன இழுபறி வர ஒரு வழி உண்டு. ஒரே நிகழ்வைப் பற்றி ஆளுக்கு வேறு செய்தி கொடுங்கள். போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் விண்கலத்தின் கதையைச் சொல்கிறேன். 2024 ஜூன் 5 அன்று சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் சுமார் எட்டு நாள் பயணமாக விண்வெளி நிலையம் புறப்பட்டார்கள். விண்கலத்தில் கோளாறு. செப்டம்பரில் அது ஆளில்லாமல் திரும்பியது. அவர்கள் வேறு விண்கலத்தில் 2025 மார்ச் 18 அன்றுதான் பூமிக்குத் திரும்பினார்கள். இதில் ஒருவருக்கு ஜூன் மாதச் செய்தி, இன்னொருவருக்கு செப்டம்பர், மூன்றாமவருக்கு மார்ச். யாரிடமும் முழுக்கதை இல்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். "வை டிடின்ட் தே கம் பேக் இன் தட் ஒன்?" என்று ஒருவர் தானாகக் கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் அந்தச் செய்தியை எடுப்பேன்.

ஆனால் ஒன்றில் செம்பருத்தி பக்கம்தான் நிற்பேன். போர், இனக்கலவரம், பேரிடர் இவற்றைப் பயிற்சிப் பொருளாக வைப்பதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் உறவினர் அங்கே இருக்கலாம். ஒருவருடைய துயரத்தை வைத்து இன்னொருவர் வினையெச்சம் பழகுவது எனக்கு ஒப்பவில்லை.

வடகரை:
மேடம், கடைசிப் பத்தியில் மட்டும் உங்களோடு உடன்பட முடியவில்லை. அங்கே உறவினர் இருக்கும் அந்த ஆளுக்குத்தான் அந்த மொழி மிகத் தேவை. அலுவலகத்தில் சக ஊழியர் "ஆர் யுவர் பீப்பிள் ஸேஃப்?" என்று கேட்பார். அப்போது அவர் வாயடைத்து நிற்கக் கூடாது. நாம் எல்லாக் கனமான விஷயத்தையும் ஒதுக்கிவைத்தால், வானிலையையும் விண்வெளியையும் மட்டும் பேசத் தெரிந்தவர்களைத்தான் உருவாக்குவோம்.

அந்திவெயில்:
அவரே பேச முன்வந்தால் வகுப்பை முழுக்க அவரிடம் கொடுத்துவிடுவேன். அட்டவணையில் போட்டு, "இன்று இதைப் பற்றி விவாதிக்கிறோம்" என்று அவர்மேல் சுமத்த மாட்டேன். ஆதரவாக ஒரு அணி, எதிராக ஒரு அணி என்று பிரிப்பது அதைவிட மோசம். தன் வீடு இடிந்ததற்கு நியாயம் கற்பிக்கும் பக்கத்தில் அவரை நிறுத்திவிடக்கூடும்.

கானல்:
இடையில் ஒரு சின்னக் கேள்வி. என் நிலைக்கு ஏற்ற செய்தி எங்கே கிடைக்கும்? பெரிய செய்தித்தளங்களில் முதல் பத்தியிலேயே நின்றுவிடுகிறேன்.

அந்திவெயில்:
பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் "6 மினிட் இங்கிலீஷ்" கேளுங்கள். எழுத்து வடிவமும் கிடைக்கும். அமெரிக்க அரசின் ஒலிபரப்பு நிறுவனமான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் "ஸ்பெஷல் இங்கிலீஷ்" என்று ஒன்றைத் தொடங்கியது. சுமார் 1500 சொற்களுக்குள், வழக்கத்தைவிட மெதுவாக வாசித்த செய்தி அது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் பணிகள் முடக்கப்பட்டன, ஆனால் பழைய பதிவுகளும் பயிற்சிக்கு நல்லவையே. ஒரே செய்தியைப் பல நிலைகளில் எளிதாக்கித் தரும் "பிரேக்கிங் நியூஸ் இங்கிலீஷ்" என்ற தளமும் உண்டு. முதலில் எளிய வடிவம், மறுநாள் ஒரு நிலை மேலே. படித்த பிறகு மூடிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். பார்த்துச் சொன்னால் அது வாசிப்பு.

செம்பருத்தி:
அந்திவெயில் சொன்ன மாதிரி ஆளுக்கொரு துண்டு கொடுத்துச் செய்தால் நானே அந்த வகுப்பில் உட்காருவேன். கானல் சொன்னதும் மனதில் தைத்தது. சொந்த விஷயம் பேச விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது.

என் நிலைப்பாடு இன்னும் இதுதான். அன்றைய தலைப்புச் செய்தியை ஒருங்கிணைப்பாளர் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் அனுப்புவதை நிறுத்த வேண்டும். பேசப் போகிறவரே தேர்ந்தெடுக்கட்டும். அவருக்கு விளையாட்டு பிடித்தால் விளையாட்டு, மருத்துவம் பிடித்தால் மருத்துவம், எந்தச் செய்தியும் வேண்டாம் என்றால் வேண்டாம். மூன்று வாக்கியம் தொடர்ந்து பேச முடியாத தொடக்கநிலையாளருக்குச் செய்தியே வேண்டாம்.

வடகரை:
தேர்வை அவரிடம் விடுவதற்கு நானும் தயார். அந்தக் கடைசி வரிதான் இடிக்கிறது. மூன்று வாக்கியம் பேச முடியாதவரிடம்தான் நான் அந்தக் கப்பலைக் கொடுப்பேன். அது நாலு வாக்கியம்தான், செம்பருத்தி.

செம்பருத்தி:
அந்த நாலு வாக்கியத்தை அவர் தானாகச் சொல்கிறாரா, நீங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாரா என்று எப்படிப் பிரித்தறிவீர்கள்? அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.

கானல்:
நான் அந்த நிலையில் இருந்தவன், நான் சொல்கிறேன். நடுவில் ஒரு கேள்வி கேளுங்கள். "ஹௌ பிக் வாஸ் இட்?" போதும். ஒப்பிக்கிறவர் திரும்ப முதல் வரிக்குப் போவார். தானாகச் சொல்கிறவர் கையை விரித்துக் காட்டியாவது பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.