ஏற்காட்டு ஃபாதர்: பார்த்தவர்கள் சொல்கிறோம்

ஏற்காடு ஒண்டிக்கடையிலிருந்து:

போன வாரம் இங்கே ஒருவர் தன் ஊர் சாமியாரைப் பற்றி எழுதியிருந்தார். படித்ததும் எங்கள் ஃபாதர் ஞாபகம் வந்துவிட்டது. டான் போஸ்கோ என்ற குருவானவர் தொடங்கிய சலேசிய சபைக்காரர், கத்தோலிக்கத் துறவி. 2009 ஆகஸ்டில் இறந்தார். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது, போடவில்லை. ஒல்லியான ஆள், ரப்பர் செருப்பு, பால்காரரையும் “வாங்க சாமி” என்று கூப்பிடுகிறவர். மலைக்காரர்களுக்கு இதுவே போதும்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அப்பாவுக்கு எஸ்டேட்டில் வேலை. காபிப் பழம் பறித்து முடித்ததும் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிப்பார்கள். அப்படி ஒரு ஏணியிலிருந்து விழுந்து அப்பாவுக்குக் கால் ஒடிந்த வருஷம்தான் ஃபாதர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தார். நான் அப்போது ஏழாவது. அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, என் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். “பின்னத்துல தடுக்குது கண்ணு, சாயந்திரம் வா” என்றார். பத்தாவது முடிகிற வரை போனேன். எட்டுப் பத்துப் பேர் இருப்போம். கிளம்பும் முன் எல்லாரையும் நிற்க வைத்து இரண்டு நிமிஷம் பேசுவார். குட்நைட் டாக் என்று அவர்கள் சபையில் பெயர். டான் போஸ்கோவின் அம்மா தொடங்கி வைத்த பழக்கமாம். எங்களுக்குப் பாதி நாள் அது, மழையில் அட்டை ஏறும், பார்த்துப் போங்கள் என்பதோடு முடிந்துவிடும்.

1994ல் சேலத்தில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் முதல் அக்ரகாரத்தில் ஒரு ஹெச்எம்டி வாட்ச் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சாவி கொடுக்கிற வாட்ச். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை சட்டைப்பையை விட்டுக் கையை எடுக்கவில்லை. ஃபாதர் கட்டிப் பார்த்தார், காதில் வைத்துக் கேட்டார், முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் கழற்றிவிட்டார். “இரு, ரெக்டர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்.”

ரெக்டர் என்றால் அந்த இல்லத்துக்குத் தலைவர். இவரைவிட இருபது வயது சின்னவர், இவரிடமே படித்தவர். அவர் அறை வாசலில் இவர் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்குத்தானே வாங்கினேன் என்று கோபமாகவே கேட்டேன். “எனக்குன்னு எதுவும் வச்சுக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் கண்ணு. அவர் வச்சுக்கச் சொன்னா வச்சுக்குவேன். வேற யாருக்காவது கொடுத்தாலும் நீ கொண்டாந்த சந்தோஷம் எனக்குத்தான்.” ரெக்டர் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

எல்லா ஃபாதரும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மறைமாவட்டம் என்றால் ஒரு ஆயருடைய (பிஷப்) எல்லை. மறைமாவட்டக் குருக்கள் அந்த ஆயருக்குக் கீழே இருப்பவர்கள். சேலம் மறைமாவட்டம் 1930ல் உண்டானது, அங்கே குருவானவர் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே ஒரு பங்குக் கோயிலிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவார். அவர் சொந்தமாகப் பணமோ பொருளோ வைத்துக்கொள்ளலாம். சபைக் குருக்கள் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். சபை எங்கே போகச் சொல்கிறதோ அங்கே போக வேண்டும். சலேசியர்கள் தமிழ்நாட்டுக்கு 1906ல் தஞ்சாவூருக்கு வந்தவர்கள். இன்று எங்கெங்கோ இருக்கிறார்கள், அத்தனை ஊரும் இவருக்குச் சொந்த ஊர்தான்.

அப்படித்தான் ஒருநாள் சென்னைக்கு மாற்றல் வந்தது. பல வருஷம் இருந்த ஊரை விட்டு ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏறினார். அம்மா ஒரு பையில் கமலா ஆரஞ்சு கொடுத்தாள். அதை மட்டும் யாரிடமும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

உடம்பு முடியாமல்தான் திரும்பி வந்தார். அடக்கத் திருப்பலிக்குப் போனேன். பெட்டியைத் தலை பீடத்தின் பக்கமாக வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்குக் கால்தான் பீடத்தைப் பார்த்து இருக்குமாம். குருவானவர் பூசையில் மக்களைப் பார்த்து நிற்பவர், அதனால் கடைசியிலும் நம்மைப் பார்த்தபடியே என்று பக்கத்தில் இருந்த அக்கா சொன்னார். பூசை உடுப்பு, கையில் ஜெபமாலை. மணிக்கட்டில் வாட்ச் இல்லை. எங்கே என்று நான் யாரையும் கேட்கவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து:

அவர் கடைசியாக இருந்த ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை.

ஒரு இளம் ஃபாதர் நோயில் பூசுதல் கொடுக்க வந்தார், நோயாளிக்காக ஜெபித்து எண்ணெய் பூசுகிற சடங்கு. நெற்றியில் எண்ணெய் பூசிவிட்டு, கையில் பூச இவருடைய உள்ளங்கையைப் பிடித்தார். பேச்சே இல்லாமல் கிடந்த மனுஷர், மெதுவாக இரண்டு கையையும் கவிழ்த்து வைத்தார். ட்ரிப்ஸ் ஊசி குத்திக் குத்திப் புறங்கை நீலம் பாரித்திருந்தது. பிளாஸ்திரியைச் சுற்றித்தான் எண்ணெய் பூச முடிந்தது. மறுநாள் கொஞ்சம் தெளிந்தபோது கேட்டேன். “குருப்பட்டத்தன்னைக்கே ஆயர் உள்ளங்கையில பூசிட்டார்மா. எங்க காலத்து ஆளுங்க புறங்கையைத்தான் காட்டுவோம்” என்றார். சொல்லிவிட்டு, நைட் டூட்டி முடிந்து எந்த பஸ்ஸில் போவாய், சாப்பிட்டாயா என்று கேட்டார். நான்கு நாளில் இறந்துவிட்டார்.

திருப்பத்தூரிலிருந்து:

ஒண்டிக்கடை அண்ணனுக்கு: அந்த வாட்சைக் கட்டியிருந்தவன் நான். அப்போது சபையில் பிரதராக, அதாவது குருப்பட்டம் வாங்காத துறவியாக இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னாலேயே ஃபாதர் அதைக் கழற்றி ரெக்டரிடம் கொடுத்துவிட்டாராம். கல்லூரிக்குக் கிளம்பிய எனக்கு ரெக்டர் கொடுத்தார். தினமும் காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பேன். இரண்டு வருஷம் கழித்து, இந்த வாழ்க்கை எனக்கு ஒத்துவராது என்று தெரிந்து வெளியே வந்தபோது, ரெக்டர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது யார் கையில் இருக்கிறது என்று தெரியாது அண்ணா. நிச்சயம் யாரோ சாவி கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னொன்று. சலேசிய இல்லங்களில் தினமும் அன்றைய தேதியில் இறந்த சகோதரர்களின் பெயரை வாசிப்பார்கள். பெயர், இறந்த ஊர், வருஷம், வயது, அவ்வளவுதான். ஆகஸ்டில் அவர் தேதி வரும்போது அவர் பெயருக்குப் பின்னால் சேலம் என்று வாசிப்பார்கள்.