ஏற்காட்டுப் படங்களை மொத்தமாகச் சுருக்கிய அனுபவம்

சித்தப்பா ஏற்காட்டில் நடத்தும் ஹோம்ஸ்டேவுக்கு இணையதளம் போட்டபோது படம் சுருக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், அண்ணா பூங்கா மலர்க்கண்காட்சி என்று கேமராப் படமும் போன் படமும் ஒரே ஃபோல்டரில் கலந்து கிடந்தன. கேமராப் படம் ஒவ்வொன்றும் 6000×4000, அதாவது 2.4 கோடி பிக்சல். நீளப் பக்கத்தை 1600-க்கு இறக்கினால் 17 லட்சம்தான் வரும், இணையத்துக்கு அதுவே தாராளம்.

ஒவ்வொன்றாகத் திறந்து சுருக்குவதெல்லாம் ஆகிற காரியமில்லை. லினக்ஸில் இமேஜ்மேஜிக் என்ற, கட்டளை எழுதிப் படங்களைத் திருத்தும் மென்பொருளைப் போட்டு நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். அதில் மோக்ரிஃபை என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அது பாட்டுக்கு அசல் படத்தின் மேலேயே எழுதிவிடும், ஒரு வார்த்தை கேட்காது. எங்கே எழுத வேண்டும் என்று சொல்லும் 'பாத்' (-path) கொடுத்து வேறு ஃபோல்டருக்கு அனுப்பிவிட வேண்டும். சேலம் டவுனில் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் இது தெரியாமல் ஓட்டி ஒரு கல்யாணத்தின் அசல் படங்களையே சுருக்கிவிட்டார், மெமரி கார்டை அதற்குள் ஃபார்மேட் செய்யாமல் வைத்திருந்ததால் தப்பித்தார்.

கட்டளையில் அளவுக்குப் பின்னால் '>' குறி போட்டால் பெரிய படம் மட்டும் சுருங்கும், ஏற்கெனவே சின்னதாக இருப்பதை இழுத்து மங்கலாக்காது. ஆனால் அதை மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும். இமேஜ்மேஜிக்கின் இன்னொரு கட்டளையான கன்வெர்ட்டை வைத்து, படம் படமாக ஓடும் லூப் போடுகிறவர்கள் மேற்கோளை விட்டுவிட்டால், வெளியீட்டை அடுத்துவரும் கோப்பில் கொட்டச் சொல்கிறார்கள் என்று ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எடுத்துக்கொள்ளும், போய்ப் பார்த்தால் எல்லாம் 0 பைட்.

அப்புறம் போன் படங்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பலவற்றில் பிக்சல் படுத்தபடிதான் இருக்கும், திருப்பிக் காட்டு என்ற குறிப்பு மட்டும் எக்ஸிஃபில், அதாவது படக் கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் விவரங்களில் இருக்கும். அந்த விவரங்களையெல்லாம் அழிக்கும் ஸ்ட்ரிப்பை நேராகப் போட்டால் அந்தக் குறிப்பும் போய், சில்வர் ஓக் மரமெல்லாம் சாய்ந்து கிடக்கும். முதலில் பிக்சலையே நிமிர்த்திவிடும் ஆட்டோ-ஓரியண்ட், பிறகுதான் ஸ்ட்ரிப்.

ஏற்காட்டிலிருந்து ஓர் உறுப்பினரின் பதில்:

அண்ணா, ஸ்ட்ரிப் நல்லதுதான், அதிலும் காட்டு ஆர்க்கிட் படம் போடுகிறவர்கள் இடக்குறிப்பை அழிக்காமல் போடவே கூடாது. ஜிபிஎஸ் உள்ளேயே இருந்தால் செடியைப் பிடுங்க வருகிறவனுக்கு நாமே வழி சொன்ன மாதிரி ஆகும். ஆனால் நிறங்களை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் வண்ண ப்ரொஃபைலையும் ஸ்ட்ரிப் சேர்த்தே எடுத்துவிடும். அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற வண்ண வகையில் எடுத்த பூ வெளிறித் தெரியும். இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ண வகைக்கு மாற்றிவிட்டு ஸ்ட்ரிப் போடுங்கள், இல்லையென்றால் எக்ஸிஃப் விவரங்களைத் திருத்தும் எக்ஸிஃப்டூல் நிரலில் ஜிபிஎஸ்ஸை மட்டும் நீக்குங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், எந்த லென்ஸ், என்ன ஷட்டர் என்ற விவரம் எனக்கு வேண்டும்.

அம்மாப்பேட்டையிலிருந்து இன்னொருவர்:

ஒன்று விட்டுப்போனது. பல கேமராக்கள் ஜேபிஜி என்ற பின்னொட்டைப் பெரிய எழுத்தில் எழுதும், போன் சின்ன எழுத்தில் எழுதும். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு. ஸ்கிரிப்டில் சின்ன எழுத்து மட்டும் இருந்தால் கேமராப் படத்தை அது தொடவே தொடாது, பிழை என்றும் சொல்லாது. ஓட்டி முடித்ததும் இரண்டு ஃபோல்டரிலும் எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்துவிடுங்கள்.