தூளைக் கிள்ளிப் பார்த்த பெரியவர்

தூள்மூக்கன் எழுதியது:

மரம் ஏறிக் கிளை கழிக்கிற வேலையில்தான் நான் முதலில் இருந்தேன். வெட்டிச் சாய்த்த நல்ல நல்ல மரமெல்லாம் துண்டு துண்டாகி விறகாகப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால் செயின்சா என்கிற மோட்டார் வாளில் பூட்டி, மரத்தை நெடுக்கே பலகையாக அறுக்கிற மில் சட்டம் ஒன்று வாங்கினேன். லாரி போக முடியாத இடத்தில் கிடக்கிற மரத்தை அங்கேயே பலகையாக்கித் தோளில் தூக்கி வந்துவிடலாம். மில்லுக்கு மரம் போவதற்குப் பதில் மரத்துக்கு மில் போகிறது, அவ்வளவுதான்.

சட்டம் வாங்கிய முதல் வருஷம் நடந்தது இது. காற்றில் சாய்ந்த ஒரு பெரிய மரம், அடியில் 2 அடிக்கு மேல் குறுக்களவு. மில் சட்டம் நேராக ஓட மேலே ஏணியை வைத்து ஆணி அடித்து, ரசமட்டம் பார்த்து, முதல் அறுப்பைத் தொடங்கினேன். முதல் அறுப்பு கோணினால் அதற்கு அப்புறம் வருகிற பலகை எல்லாம் கோணும் என்பதால் ஏணி கட்டவே முக்கால் மணி நேரம். வேர்க்கட்டையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க யாராவது வருவது வழக்கம்தான், நானும் கண்டுகொள்ளவில்லை.

மூன்றாவது பலகை பாதியில் இருக்கும்போது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். மெஷினை அணைத்தேன். கீழே குவிந்திருந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “பல்லு செத்துப்போச்சு தம்பி” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. குறுக்கே வெட்டும்போதுதான் சீவல் சீவலாக வரும், நெடுக்கே அறுத்தால் தூள்தான் வரும் என்று விளக்கினேன். குறுக்கு வெட்டுச் செயினுக்கு 30 டிகிரி சாய்வில் அரம் போடுவோம், பலகை அறுக்கிற செயினுக்கு 10 டிகிரி, அதனால்தான் இப்படி என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“தூளுதான் வரும். நான் இல்லேன்னு சொல்லலியே. குருணையா வரணும். இது மாவா வருது.”

செயினைத் திருப்பிப் பார்த்தால், வெளிப் பக்கப் பற்களின் முனை வெயிலில் மினுக்கியது. கூராக இருக்கிற முனையில் வெளிச்சம் நிற்காது, மழுங்கினால்தான் மினுங்கும். பட்டையில் ஒட்டியிருந்த மண் வேலையைக் காட்டிவிட்டது. பட்டையைச் சீவிவிட்டு அறுக்க வேண்டும் என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் குழி வெட்டி மரம் அறுத்த காலத்து ஆள். ஒருவர் மரத்தின்மேல் நின்று, நூல் அடித்த கோட்டில் வாளை நடத்துவார். இன்னொருவர் குழிக்குள் நின்று கீழே இழுப்பார். இவர் கீழாள். “மேல நிக்கிறவனுக்குக் கோடுதான் தெரியும். தூளு பூரா எனக்குத்தான். முப்பது வருஷம் மூஞ்சியில வாங்கியிருக்கேன், தெரியாதா?” என்றார். கண்ணைத் திறந்து பார்க்க முடியாத இடம் அது. முகத்தில் விழுகிற தூளை வைத்துத்தான் வாள் எப்படி இருக்கிறது, கணு வருகிறதா, மேலாள் கோட்டை விட்டு விலகுகிறானா என்று கண்டுபிடிப்பாராம்.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. பலகை அறுக்கும்போது மெஷின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழு ஆக்சிலேட்டரில் ஓடுகிறது. மரம் வெட்டும்போது கிடைக்கிற இடைவெளி இதில் கிடையாது. செயின் மழுங்கினால் நாம் அழுத்துவோம், அழுத்தினால் சூடேறும், கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த மாவுத் தூளை இன்னும் இரண்டு பலகைக்குக் கவனிக்காமல் விட்டிருந்தால் என் 90 சிசி மெஷின் அன்றைக்கே போயிருக்கும். இப்போது ஒவ்வொரு அறுப்புக்கும் அரம் போடுகிறேன். அறுப்பு முடிந்ததும் உடனே அணைப்பதில்லை, கொஞ்ச நேரம் ஐடிலில் ஓடவிட்டு ஆறவைக்கிறேன்.

பெரியவர் இன்னொன்றும் செய்தார். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுனி நுழைந்தது. “எங்க வாளுத் தடத்துல நகந்தான் நுழையும். இது ஒரு பலகைக்கு அரைப் பலகையைத் தின்னுது!” கொஞ்சம் மிகைதான், ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன். செயின் தடம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். 40 சென்டிமீட்டர் கனமுள்ள கட்டையில் 25 மில்லிமீட்டர் பலகையாக அறுத்தால் எனக்குக் கிடைப்பது 11. மெல்லிய பட்டை வாள் ஓடுகிற, தடம் 3 மில்லிமீட்டர் இருக்கிற பேண்ட்சாவில் அதே கட்டை 14 பலகை தரும். மூன்று பலகை தூளாகவே போகிறது! அன்றிலிருந்து மெல்லிய பலகை கேட்டு வருகிறவர்களைப் பேண்ட்சாவுக்கு அனுப்பிவிடுகிறேன். மேசைக்கும் படிக்கும் ஆகிற மாதிரி கனத்த பலகை மட்டும்தான் நான் அறுப்பது.

கிளம்பும்போது, மீதியிருந்த நுனிக்கட்டையைக் கைத்தடியால் தட்டிப் பார்த்துவிட்டு “உள்ள கோறை” என்றார். அறுத்தேன். நெஞ்சுவரை வைரம், ஒரு பொத்தல் கிடையாது. காட்டினேன். கொஞ்சமும் அசரவில்லை. “அப்ப அடுத்த மரம் கோறையா இருக்கும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

ஒற்றை ஆப்பு எழுதியது:

அண்ணே, உங்களுக்காவது பெரியவர் வாய்த்தார். எனக்கு மரத்துச் சொந்தக்காரர்தான் வாய்த்தார். “இந்த மரத்துல ஒரு ஆணி கிடையாது, என் தலை மேல ஆணை” என்று அவர் சொல்லி முடித்த பத்தாவது நிமிஷம் டங்கென்று சத்தம், தீப்பொறி. செயினில் பாதிப் பல் காலி.

அவர் பொய் சொல்லவில்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அவருடைய அம்மா வந்தார்கள். “நீ பிறக்கிறதுக்கு முன்ன ஆட்டைக் கட்ட உங்கப்பா கொண்டி அடிச்சாரே, அதுவாத்தான் இருக்கும்” என்றார்கள். கையைத் தொடை உயரத்துக்கு வைத்துக் காட்டினார்கள். அளந்து பார்த்தால் அடியிலிருந்து சரியாக அதே உயரம். மரம் நுனியில்தான் நீள்கிறது. அடிமரத்தில் அடித்தது எதுவும் மேலே ஏறாது, சுற்றி மரம் பருத்து அதை விழுங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நாற்பது வருஷத்து மரத்துக்கு உள்ளே ஒரு கைப்பிடி ஆழத்தில் கிடந்தது அந்தக் கொண்டி. இரும்பு இருந்தால் காட்டுகிற டிடெக்டர் வைத்திருந்தேன், அவ்வளவு ஆழத்துக்கு அது எட்டவில்லை.

இப்போது அடி வெட்டு முகத்தை முதலில் பார்க்கிறேன். துவர்ப்புள்ள மரமாக இருந்தால் இரும்பு பட்ட இடத்திலிருந்து நீலக்கறுப்பாக ஒரு கறை நெடுகிலும் ஓடியிருக்கும். அதோடு, சொந்தக்காரரை விட்டுவிட்டு வீட்டில் வயசானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கிறேன்.

பெயர்க் காரணம் கேட்பீர்கள். முதல் அறுப்பில் ஒரே ஒரு ஆப்புடன் போனவன் நான். எட்டடிப் பலகை அதன் கனத்தில் அமுங்கி, செயின் சுற்றி ஓடுகிற பாரைக் கவ்வியது. சாயங்காலம் வரை எடுக்க முடியவில்லை. இப்போது பையில் பத்து இருக்கிறது.

அரம்போடுகிறவள் எழுதியது:

நான் மெஷின் பிடிக்கிறவள் இல்லை. என் வீட்டுக்காரர் அறுக்கிறார், நான் அரம் போடுகிறேன். ஏன் நான் போடுகிறேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவரிடம் இருந்தது பழைய 106 சிசி மெஷின். இடது கையில் பிடித்தால் பல் வரைக்கும் அதிரும். நாலைந்து வருஷத்தில் குளிர்ந்த காலை வேளைகளில் விரல் நுனி வெள்ளைத் துணி மாதிரி வெளுக்க ஆரம்பித்தது. முதலில் சிரித்தோம். அப்புறம் சட்டைப் பித்தான் போட வராமல் போனது. மருத்துவர், அதிர்வினால் விரல்களின் ரத்தக் குழாயும் நரம்பும் கெடுகிற நோய் என்றார். நிறுத்தினால் மேலும் போகாது, போனது முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். அரம் பல்லில் எப்படி உட்காருகிறது என்பது விரல் நுனிக்குத்தான் தெரியும். அவருக்கு அது தெரியவில்லை. அரத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

மெஷினை மாற்றினோம், ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்து அதிர்வைக் குறைத்தது. ஒரு டாங்க் பெட்ரோல் தீர்ந்தால் கட்டாயம் ஓய்வு. அந்த நேரத்தில் நான் செயினைப் பார்த்துவிடுவேன். முன்பு நாள் கூலிக்குப் போவார். நாள் கூலி என்றால் உட்கார்ந்த நேரத்தை எல்லாம் சொந்தக்காரர் கண்ணால் எண்ணுவார். இப்போது அறுத்த சதுர அடிக்குக் கூலி, கணக்கும் என்னிடம். இரும்பு பட்டால் செயின் விலை தனி என்று முதலிலேயே பேசிவிடுகிறேன். ஒற்றை ஆப்பு, நீங்கள் அதைப் பேசினீர்களா?

ஒற்றை ஆப்பு எழுதியது:

இல்லை அக்கா. அந்த அம்மா முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை.

தூள்மூக்கன் எழுதியது:

அக்கா, உங்கள் எழுத்தைப் படித்ததும் என் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். மெஷினை மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் ஓட்டிய நாளெல்லாம் உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்திருக்கிறேன். ஒரு டாங்குக்கு ஒரு ஓய்வு என்பதை நாளையிலிருந்து நானும் வைத்துக்கொள்கிறேன்.

பெரியவர் கதையில் ஒன்று விட்டுப்போனது. அடுத்த வாரம் நான் அறுத்த மரம் நடுவில் கோறையாகத்தான் இருந்தது. உள்ளே கை விட்டால் முழங்கை வரை போயிற்று. அவரிடம் சொல்லவில்லை.