1994 போர்ட் ஒயின் ரெண்டு பாட்டில் இருக்கு, எதை முதல்ல திறக்கலாம்?

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா கப்பல்ல வேலை பாத்தப்போ போர்ச்சுகல்ல இருந்து 1994 வின்டேஜ் போர்ட் (அந்த ஒரே வருஷத்துத் திராட்சையில செஞ்ச இனிப்பு ஒயின்) ரெண்டு பாட்டில் கொண்டு வந்தாரு, ஒண்ணு எங்க அப்பாவுக்கு, ஒண்ணு அவருக்கு. அப்பா கடைசி வரைக்கும் திறக்கவே இல்ல. கிருஷ்ணகிரி வீட்ல மாடி ரூம் பீரோவுல இருபது வருஷத்துக்கு மேல நின்னபடியே இருக்கு, மே மாசம் அந்த ரூம்ல ஃபேன் போட்டாலும் உக்கார முடியாது. சித்தப்பாவோடது ஓசூர்ல கீழ் வீட்டு ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டியோட படுத்த வாக்குல கிடக்கு. பொங்கலுக்கு அவரு வராரு, ரெண்டு பேரும் சேந்து ஒண்ணைத் திறக்கணும்னு ஆசை. எங்க பாட்டில்ல மட்டம் கழுத்தை விட்டு தோள் வரைக்கும் இறங்கிருச்சு, கார்க் மேல இருக்கற உறை ஓரமா பிசுபிசுங்குது. கெட்டுப் போயிருக்குமா?

ஓசூர்_ரோஜாதோட்டம்:
தம்பி, நான் பெங்களூர் ஹோட்டல் பார்ல பன்னெண்டு வருஷம் இருந்தேன். பிசுபிசுப்புன்னா கார்க் வழியா கசிஞ்சிருக்கு, நிக்க வச்சதால கார்க் காஞ்சு காத்து உள்ள போயிருக்கும். ஆனா பயந்து கொட்டிடாதீங்க. போர்ட் செய்யறப்போ திராட்சைச் சாறு புளிச்சு முடியறதுக்கு முன்னாடியே திராட்சை ஸ்பிரிட் ஊத்தி நிறுத்திடறதால இனிப்பும் தங்கிடும், ஆல்கஹாலும் 20 சதவீதம் கிட்ட வந்துடும், அதனால சாதா ஒயின் செத்துப்போற சூட்டுல கூட இது கொஞ்சம் தாங்கும். வின்டேஜ் போர்ட்டை பீப்பாயில ரெண்டு மூணு வருஷம்தான் வைப்பாங்க, மீதி வயசெல்லாம் பாட்டிலுக்குள்ளயே ஆகறது, வடிகட்டாம அடைக்கறதால அடியில வண்டல் கெட்டியா இருக்கும். உங்க பாட்டிலையே முதல்ல திறங்க, அது இனி காத்திருந்து ஒண்ணும் ஆகப்போறதில்ல.

கார்க் நொறுங்கும், அவசரப்படாம எடுங்க. செல்போன் டார்ச்சை கழுத்துக்குப் பின்னாடி பிடிச்சுகிட்டு மெதுவா வேற ஜாடிக்கு ஊத்துங்க, கலங்கல் கழுத்துக்கு வந்த உடனே நிறுத்திடுங்க. ஃப்ரிட்ஜ்ல அரை மணி நேரம் போதும். முக்கியமா, திறந்த உடனே ஒரு வாய், ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு வாய், மறுநாள் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. காத்து பட்டும் மறுநாள் தாக்குப்பிடிச்சா உள்ள இன்னும் தெம்பு இருக்குன்னு அர்த்தம்.

தர்மபுரி_புளிமண்டி:
எனக்கு ஒயின் தெரியாதுங்க, எங்களது புளி வியாபாரம். புதுப் புளி செவப்பா இருக்கும், வச்சா கருக்கும், சூடான குடோன்ல வச்சா இன்னும் சீக்கிரமா கருத்துடும், அதுக்காகவே கோல்டு ஸ்டோரேஜ்ல போடறோம். இதுவும் அப்படித்தானா?

ஓசூர்_ரோஜாதோட்டம்:
சூடு வயசை ஓட்டறது சரிதாங்க, ஆனா நிறம் நேர் தலைகீழ். போர்ட் இளசா இருக்கறப்போ நாவப்பழ நிறம், வயசாக ஆக வெளுத்து செங்கல் நிறமாகி ஓரத்துல தேன் நிறம் வரும். கிளாஸை வெள்ளைத் துணி மேல சாய்ச்சுப் பாத்தா தெரியும்.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:
திறந்தாச்சு அண்ணா. கார்க் பாதி உள்ள விழுந்துடுச்சு, அப்பாவோட துவைச்ச பழைய வேட்டித் துணியில வடிச்சோம், அடியில கரும் காப்பித்தூள் மாதிரி வண்டல். கிளாஸ்ல ஊத்தினா நடுவுலயே பால் ஊத்தாத டீ நிறம், ஓரம் நல்லா மஞ்சளிச்சுப் போயிருக்கு. முதல் வாய்ல காஞ்ச திராட்சை, அத்திப்பழம், கொஞ்சம் தீஞ்ச வெல்லப்பாகு வாசனை, நல்லாவே இருந்துச்சு, சித்தப்பா கண்ணை மூடிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்ல. ஆனா ரெண்டு மணி நேரத்துல பழம் போயிடுச்சு, தொண்டையில ஸ்பிரிட்டோட காரம் தனியா நின்னுச்சு. மறுநாள் இனிப்புத் தண்ணி மாதிரி, பின்னாடி லேசா காடி வாசனை.

அப்புறம் ஓசூர் போய் அவரு பாட்டிலை டார்ச் வச்சுப் பாத்தோம். மட்டம் கழுத்துலயே நிக்குது, வெளிச்சம் உள்ள போகாத அளவுக்கு இன்னும் கருஞ்செவப்பு. இதைத் திறக்கலாமா, இன்னும் வைக்கலாமா?

ஓசூர்_ரோஜாதோட்டம்:
வைங்க. 1994 நல்லா உரமான வருஷம், நீங்க சொல்ற நிறத்துக்கு இன்னும் பத்து வருஷம் தாராளமா போகும். படுத்த பக்கத்தை மாத்தாதீங்க, வண்டல் ஒரு பக்கமா படிஞ்சிருக்கும். ஸ்டோர் ரூம்ல இன்வெர்ட்டர் பேட்டரி கிட்ட மட்டும் வேணாம்.