உதவி: பின்னேரமானா சைட் விழுது, ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’

உப்புவெளிப்_பொடியன்:
அண்ணாமார், அவசரம். உப்புவெளியில ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு புக்கிங் சைட் செய்து குடுத்தனான். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ எண்டு, டேட்டாபேஸுக்கு இணைப்புக் கூடிப்போச்செண்டு வந்து விழுது. அப்பாச்சி வெப் சேர்வரை றீஸ்டார்ட் பண்ணினா கொஞ்ச நேரம் ஓடும், பிறகு திரும்ப அதேதான். கோடில ஒண்டும் மாத்தேல்லை, போன சீசன் ஒழுங்கா ஓடினது. திமிங்கிலம் பாக்க வாற சனம் புக் பண்ணேலாமக் கிடக்கு எண்டு முதலாளி போனில கத்துறார்.

கந்தளாய்க்_குளம்:
என்ன டேட்டாபேஸ்? எந்த மொழி? சேர்வர் உங்கடயா, ஷெயார்ட் ஹோஸ்டிங்கா?

மூதூர்_நானா:
பொட்டாத்தான் (ஆளில்லாம தானா வந்து சைட்டைத் தட்டுற புரோகிராம்) இருக்கும் தம்பி. அக்சஸ் லொக்கைப் பாருங்க.

பழைய_டிபிஏ:
இப்படிக் கேட்டா சாத்திரக்காரனிட்டத்தான் போகோணும். ‘ஷோ புரொசஸ்லிஸ்ட்’ எண்டு, டேட்டாபேஸில ஆர் ஆர் இணைஞ்சு நிக்கினம் எண்டு காட்டுற ஒரு கட்டளை இருக்கு, கேள்விப்பட்டிருக்கிறீரோ?

உப்புவெளிப்_பொடியன்:
பிஎச்பி, மைஎஸ்கியூஎல், உபுண்டு விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சேர்வர்). எரர் வரேக்க உள்ளயே போகேலாது, எப்பிடிப் பாக்கிறது?

பழைய_டிபிஏ:
ரூட்டால போம். அதுக்கெண்டு ஒரு இடம் தனியா ஒதுக்கி வைச்சிருக்கு.

உப்புவெளிப்_பொடியன்:
போனன். ஒரே ‘ஸ்லீப்’, சும்மா நிக்கிற இணைப்புகள். சிலதுக்கு டைம் 4000 செக்கனுக்கு மேல.

மூதூர்_நானா:
மேக்ஸ் கனெக்‌ஷன்ஸை 1000 ஆக்கிவிடுங்க, வேலை முடிஞ்சுது.

பழைய_டிபிஏ:
ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு த்ரெட்டும் மெமரியும் வேணும். விபிஎஸ்ஸுக்கு நானாவோ றாம் வாங்கிக் குடுக்கிறது?

கந்தளாய்க்_குளம்:
பிடிஓ-வில (பிஎச்பி டேட்டாபேஸோட இணையிற வழி) பெர்சிஸ்டன்ட் ‘ட்ரூ’ எண்டு, இணைப்பை மூடாம வைச்சுப் பாவிக்கச் சொல்லிப் போட்டிருக்கோ? அதே அப்பாச்சியில வேற சைட் ஏதும் ஓடுதோ?

உப்புவெளிப்_பொடியன்:
ஓம் போட்டிருக்கு, வேகத்துக்காக. போன வருசமும் இருந்ததுதானே. இந்த முறை நிலாவெளியில இன்னொரு இடத்துக்கும் ஒரு சைட் ஏத்தினனான். அது வேற டேட்டாபேஸ், வேற யூசர். இதோட சம்பந்தமில்லை.

கந்தளாய்க்_குளம்:
சம்பந்தமே அதுதான் தம்பி. பிஎச்பியின்ர பெர்சிஸ்டன்ட், எல்லாரும் பொதுவா எடுத்துப் பாவிக்கிற பூல் இல்லை. அப்பாச்சியின்ர ஒவ்வொரு புரொசஸும் தன்ர இணைப்பைத் தானே பிடிச்சு வைச்சிருக்கும், பக்கத்துப் புரொசஸுக்குக் குடுக்காது. யூசரோ டேட்டாபேஸோ வேறயெண்டா அதே புரொசஸ் இன்னொண்டையும் திறக்கும்.

உபுண்டுவில அப்பாச்சி பிரீஃபோர்க் முறை (ஒரு புரொசஸ் ஒரு நேரத்தில ஒரு ஆளைத்தான் கவனிக்கும்) எண்டா மேக்ஸ் றிக்குவெஸ்ட் வேர்க்கர்ஸ், அதாவது ஆகக்கூடின புரொசஸ், 150 எண்டுதான் வரும். மைஎஸ்கியூஎல் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 151. ஒரு சைட் இருக்கேக்க எவ்வளவு சனம் வந்தாலும் மட்டுமட்டாத் தாங்கும். ரெண்டு சைட்டெண்டா ஒவ்வொண்டும் ரெண்டு இணைப்புப் பிடிக்கும், விழுத்த 76 புரொசஸே காணும். கீப்அலைவ் (பக்கத்தைக் குடுத்த பிறகும் அதே ஆளுக்காகப் புரொசஸ் காத்து நிக்கிறது) 5 செக்கன் இருக்கிறதால பின்னேரத்தில அந்தளவு எழும்பிறது பெரிய விசயமில்லை. டைம் கூடின ஸ்லீப்பெல்லாம் நிலாவெளி யூசராத்தான் இருக்கும், பாரும். மைஎஸ்கியூஎல் தானா வெட்டிவிட வெயிட் டைம்அவுட் 28800 செக்கன், 8 மணித்தியாலம்.

டேட்டாபேஸும் அதே மெசினில எண்டா சொக்கெட்டால (மெசினுக்குள்ளயே இணையிற வழி) புதுசா இணையிறது ஒரு செலவே இல்லை. பெர்சிஸ்டன்டை ரெண்டு சைட்டிலயும் எடுத்துவிடும்.

மூதூர்_நானா:
இதுக்குத்தான் மைஎஸ்கியூஎல்லை விட்டிட்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எண்டு நான் கத்துறது. முன்னால பிஜிபவுன்சரை (கொஞ்ச இணைப்பை எல்லாருக்கும் பங்கிட்டுக் குடுக்கிற புரோகிராம்) வைச்சா இந்தத் தலையிடியே இல்லை.

பழைய_டிபிஏ:
போஸ்ட்கிரெஸ்ல மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் 100தான், ஒவ்வொண்டுக்கும் தனிப் புரொசஸ் வேற. பவுன்சர் இல்லாட்டி இவற்ற சைட் மத்தியானமே விழுந்திருக்கும்.

மூதூர்_நானா:
பவுன்சர் வைச்சாத்தானே எண்டு சொன்னன். வாசிக்காமப் பதில் போடாதீங்க.

பழைய_டிபிஏ:
மைஎஸ்கியூஎல்லுக்கும் அதே வேலைக்கு புரொக்ஸிஎஸ்கியூஎல் இருக்கு. ரெண்டு கெஸ்ட் ஹவுஸுக்கு ரெண்டும் தேவையில்லை.

உப்புவெளிப்_பொடியன்:
நிலாவெளி யூசர்தான். ரெண்டிலயும் எடுத்திட்டன், நேற்று விழேல்லை. நன்றி கந்தளாய் அண்ணா.

கந்தளாய்க்_குளம்:
நல்லது. ஒண்டு கேக்க மறந்திட்டன்: அறை புக் பண்ணேக்க ‘லொக் டேபிள்ஸ்’ (டேட்டாபேஸ் அட்டவணையைப் பூட்டுற கட்டளை) ஏதும் பாவிக்கிறீரோ? பெர்சிஸ்டன்டில ஸ்கிரிப்ட் இடையில செத்தா இணைப்பு மூடாது, பூட்டும் விடாது. முதல் எப்பவாவது சைட் விழாமலே புக்கிங் இறுகி நிண்டிருந்தா அதையும் ஒருக்காப் பாரும்.

மூதூர்_நானா:
தம்பி போயிட்டார் போல. டிபிஏ, பிஜிபவுன்சர் ட்ரான்சக்‌ஷன் மோட் (ஒரு வேலை முடிஞ்ச உடன இணைப்பை அடுத்தவருக்குக் குடுக்கிறது) பாவிச்சுப் பாத்திருக்கிறீங்களா, இல்லாட்டி சும்மா சொல்றீங்களா?