மறு: பாசிவேஷன்: "செயலற்ற நிலை" போதுமா?

குழுவினருக்கு வணக்கம். பாசிவேஷனுக்கு (passivation: உலோகத்தின்மேல் படலம் படிந்து மேற்கொண்டு வினை நடக்காமல் தடுப்பது) தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த இந்தக் கேள்விக்கு என் பதில்.

> அடர் நைட்ரிக் அமிலத்தில் முக்கியெடுத்த இரும்புக்கு "செயலற்ற நிலை" என்று
> பள்ளியிலேயே படித்துவிட்டோம். ஃபுளூரின் வாயு உருளைக்கும் அதுவே இருக்கட்டுமே?

இருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன், ஃபுளூரின் பாடத்தை மொழிபெயர்க்க உட்காரும்வரை. "நிக்கல் உருளை செயலற்றதாக்கப்பட்டது" என்று எழுதிப் படித்துப் பார்த்தால், நிக்கலுக்கு வாதம் வந்து படுத்துவிட்டதுபோல இருக்கிறது. நடப்பதோ நேர்மாறு. நிக்கல் ஃபுளூரினுடன் வினைபுரிகிறது. புரிந்ததால்தான் மேலே நிக்கல் ஃபுளூரைடு மெல்லிய படலமாகப் படிந்து, வாயுவை மேற்கொண்டு உள்ளே விடாமல் தடுக்கிறது.

ஃபுளூரினுக்கு முன்னால் சும்மா இருக்கிற பொருள்கள் மிகக் கொஞ்சம். அதன் இரண்டு அணுக்களைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 158 கிலோஜூல் போதும். குளோரினுக்கு 242 வேண்டும். சுலபமாகப் பிரியும், வேறொன்றைப் பிடித்தால் விடாது. 1886இல் ஆன்றி முவாசான் அதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது பிளாட்டினம்-இரிடியம் குழாயும் ஃபுளூர்ஸ்பார் அடைப்பான்களும் வைத்திருந்தார். ஃபுளூர்ஸ்பார் என்பது கால்சியம் ஃபுளூரைடுதான். ஏற்கெனவே ஃபுளூரினைப் பிடித்து முடித்தது, இனிப் பிடிக்க இடமில்லை. இன்று நிக்கலும் செம்பும் எஃகும் ஃபுளூரினைத் தாங்குவதும் இதே தந்திரத்தால்தான், ஆனால் மேல்தோல் அளவுக்கு மட்டும்.

எல்லா உலோகத்துக்கும் இது வாய்ப்பதில்லை. டங்ஸ்டனும் வினைபுரிந்து ஃபுளூரைடு தருகிறது. ஆனால் அந்த டங்ஸ்டன் ஹெக்சாஃபுளூரைடு சுமார் 17 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். சென்னையில் மார்கழி விடியலில்கூட அது வாயுதான். படலம் எங்கே நிற்கும்? உலோகம் தின்னப்பட்டுக்கொண்டே போகும். ஆகவே நம் சொல்லில் "செயல் இல்லை" என்பதைவிட "காப்பு நிற்கிறது" என்பதுதான் தெரியவேண்டும்.

யாழ்ப்பாண நண்பர் "பொருக்கு" என்றார். அழகான சொல், புண் ஆறும்போது பொருக்குத் தட்டுவது கண்முன் வருகிறது. ஆனால் பொருக்கு உதிரும். இரும்புத்துருவுக்கு வேண்டுமானால் பொருந்தும். "காப்புப்பூச்சு" என்றால் பித்தளைக்கு ஈயம் பூசுவதுபோல வெளியிலிருந்து கொண்டுவந்து பூசியது என்றாகிவிடும். இங்கே படலத்தில் பாதி அந்த உலோகமேதான்.

என் முன்மொழிவு இரண்டு சொற்கள். நிலைக்கு தன்காப்பு, படலத்துக்குத் தன்காப்புப் படலம். அப்படி ஆக்கும் வேலைக்கு பழக்குதல்.

இரண்டாவது அடுப்படியிலிருந்து வந்தது. புது இரும்புத் தோசைக்கல்லை யாரும் வாங்கிய அன்றே அடுப்பில் வைத்துத் தோசை வார்ப்பதில்லை. கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, இரண்டு மூன்று நாள் பழக்குவார்கள். ஃபுளூரின் உருளைக்கும் குழாய்க்கும் இதே மரியாதைதான். முதலில் நைட்ரஜன் கலந்து நீர்த்த ஃபுளூரினைக் கொஞ்சமாக விட்டு, அப்புறம் செறிவைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். "குழாயைப் பழக்கியாச்சா?" என்று ஆய்வகத்தில் கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிராது.

இதற்கு ஒரு மறுப்பு வரும், நானே சொல்லிவிடுகிறேன். தோசைக்கல்லைப் பழக்குவது எண்ணெய். ஃபுளூரின் குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் மிஞ்சியிருந்தாலும் அது பற்றி எரியும், அந்தச் சூட்டில் உலோகமும் சேர்ந்து எரியலாம். எண்ணெயும் ஈரமும் துளியும் இல்லாமல் துடைத்த பிறகே பழக்க ஆரம்பிக்க வேண்டும். உவமையை நீட்டினால் ஆபத்து என்பது உண்மை. அதற்காகச் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. அகராதிப் பதிவிலேயே எச்சரிக்கையைச் சேர்த்துவிடலாம்:

"பழக்குதல்: எண்ணெயும் ஈரமும் நீக்கிய உலோகத்தின்மேல் நீர்த்த ஃபுளூரினைப் படிப்படியாகச் செலுத்தித் தன்காப்புப் படலம் உண்டாக்குதல்."

திருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

பி.கு.: ஆக்சிஜன் டைஃபுளூரைடில் ஆக்சிஜனின் ஆக்சிஜனேற்ற எண் +2, அதாவது எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜன்தான். ஆக, "ஃபுளூரின் ஆக்சிஜனை ஆக்சிஜனேற்றம் செய்கிறது" என்று எழுதவேண்டி வருகிறது. இலங்கை வழக்கில் "ஒட்சியேற்றம்" என்றாலும் தப்ப முடியாது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.