பகுதிநேரத் தாதியை வார்டு மேலாளராக்கினால் வேலைத்திறன் குறையுமா?

தோ பாயோ வாசகி: எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை வார்டுகளில் 60 விழுக்காடு நேரம் வேலை செய்யும் மூத்த தாதியர் பலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், அனுபவத்தில் குறைந்தவர்கள் இல்லை. மேலாளர் பதவி காலியானால் மட்டும் “வேலைத்திறன் அடிபடும்” என்று அவர்கள் பெயரை ஒதுக்கிவிடுகிறார்கள். பதவி உயர்வுக் குழுவிடம் எந்தக் கணக்கைக் காட்டலாம்? பகுதிநேரத்தில் ஒரு வார்டை நடத்த முடியுமா? விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை: முதலில் வகுக்கும் எண்ணைப் பாருங்க அக்கா. பல மதிப்பீட்டுப் படிவங்களில் தலைக்கு ஒன்று என்றுதான் எண்ணுகிறார்கள். முழுநேரத் தாதி ஒருவர் ஆண்டுக்கு 8 தணிக்கை (வார்டு வேலை சரியாக நடக்கிறதா என்ற சோதனை) முடிக்கிறார், 60 விழுக்காட்டில் இருப்பவர் 5 முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைக்கணக்கில் இரண்டாமவர் பின்தங்கியவர். 5-ஐ 0.6-ஆல் வகுத்தால் 8.3, அதாவது அவர்தான் முன்னால் நிற்கிறார். தணிக்கை, பயிற்சி கொடுத்த நேரம், திட்டப்பணி எல்லாவற்றையும் இப்படி ஒப்பந்த நேரத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

வார்டு அளவில், ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் கிடைத்த தாதிமை மணிநேரம்தான் அடிப்படை அளவு. காலை ஷிப்டில் 9 தாதியர், மாலையில் 8 பேர், இரவில் 5 பேர், ஆளுக்கு 8 மணி நேரம் என்றால் 22 × 8 = 176 மணி. நள்ளிரவில் 27 நோயாளிகள் என்றால் ஒருவருக்கு 6.5 மணி வரும். கூட்டத்திலும் வகுப்பிலும் போன நேரத்தை 176-லிருந்து கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வார்டு வசதியாக இருப்பதுபோலத் தோன்றும்.

நள்ளிரவு எண்ணிக்கையில் இன்னொரு ஓட்டை உண்டு. அன்று பகலில் 8 பேர் வீடு போய், 8 பேர் புதிதாகச் சேர்ந்திருந்தால் வார்டு பார்த்தது 35 பேரை. புது நோயாளியைச் சேர்ப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் நேரம் தின்னும் வேலைகள். நிலையான காலை ஷிப்டில் இருக்கும் பகுதிநேரத் தாதியர்தான் அதில் பெரும்பங்கைச் சுமக்கிறார்கள், ஆனால் எந்த எண்ணிலும் அது பதிவாவதில்லை. சேர்க்கையையும் வெளியேற்றத்தையும் ஷிப்ட் வாரியாகத் தனியே எண்ணிக் காட்டுங்கள்.

ரோஸ்டர் ராணி: வார்டு நடத்த முடியும். இருவர் ஒரு பதவியைப் பகிர வேண்டும், அதுவும் 60 + 60. பாதிப் பாதியாகப் பிரித்தால் இருவரும் சந்திக்கும் நேரமே இருக்காது. கூடுதல் 20 விழுக்காடு அந்தச் சந்திப்புக்கான விலை. நிதிப் பிரிவு முதலில் அதைத்தான் வெட்டப் பார்க்கும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த ஏற்பாடு உடைவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: எல்லாவற்றுக்கும் இருவரும் பொறுப்பு என்று விடுவது. ஒருவர் மறுத்த விடுப்பை மற்றவரிடம் கேட்டு வாங்கிவிடுவார்கள். அதனால் பொறுப்பைப் பிரித்துவிடுங்கள்: பணிப்பட்டியலில் கையெழுத்து ஒருவருக்கு, புகாரும் விபத்து அறிக்கையும் மற்றவருக்கு. ஒவ்வொரு தாதிக்கும் மதிப்பீட்டாளர் ஒருவரே. வாரம் ஒரு பிற்பகல் இருவரும் சேர்ந்து இருக்க வேண்டும். கைமாற்றுக் குறிப்பு ஒரே பக்கம்: முடியாத புகார்கள், மருத்துவ விடுப்பில் இருப்பவர்கள், மூடிய படுக்கைகள், அன்றைக்கே முடிவெடுக்க வேண்டியவை.

தோ பாயோ வாசகி: மிக்க நன்றி. கேட்டாலே “நடைமுறைக்கு ஒத்துவராது” என்று வாய்வார்த்தையாக முடித்துவிட்டால்?

மனிதவளம்: வாய்வார்த்தையாகக் கேட்கவே வேண்டாம். நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு பற்றிய முத்தரப்பு (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. தகுதிகாண் காலம் முடித்த ஊழியர் எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி 2 மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் தேதி, எந்த வகை ஏற்பாடு, எத்தனை நாள், காரணம், தொடக்கமும் முடிவும் இருக்கட்டும். செலவு, வேலைத்திறன் பாதிப்பு, செயல்படுத்த இயலாமை போன்ற தொழில் காரணங்களுக்காக மறுக்கலாம். “எங்களுக்கு இதில் நம்பிக்கை இல்லை” என்பது காரணமாகாது. ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்று வழிகாட்டி சொல்லவில்லை என்பதையும் மறக்க வேண்டாம். அதனால்தான் மேலே உள்ள கணக்கை விண்ணப்பத்தோடு இணைப்பது முக்கியம்.

2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது; அது நடப்புக்கு வந்துவிட்டதா என்று முதலில் சரிபாருங்கள். பதவி உயர்வும் அதில் அடக்கம்.

ரோஸ்டர் ராணி: ஒன்று விட்டுப்போயிற்று. குழு கேட்கும் முதல் கேள்வி “ஷிப்ட் பொறுப்பு எத்தனை முறை எடுத்தார்?”, அதாவது ஒரு ஷிப்டை எத்தனை முறை வழிநடத்தினார் என்பது. காலையில் பொறுப்பு மூத்தவர்களுக்கே போய்விடும், அதனால் நிலையான காலை ஷிப்டில் இருப்பவரின் கணக்கு பூஜ்யமாக நிற்கும். விண்ணப்பிக்க ஆறு மாதம் முன்பே, மூத்தவர் பக்கத்தில் இருக்கும் காலைகளில் பொறுப்பைப் பகுதிநேரத் தாதிக்கு மாற்றிக் கொடுத்துப் பணிப்பட்டியலில் பதிவு செய்யுங்கள். காலை ஷிப்ட் முடிந்து அவர் போன பிறகு நடக்கும் மாலை 4 மணித் திட்டக் கூட்டங்களையும் ஷிப்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பிற்பகல் நேரத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.